எனாமல் மேல் சுண்ணாம்பு

“எனாமல் மேல சுண்ணாம்பு நிக்காதுங்க” என்று பெயின்டர் மறுபடியும் சொன்னார். கவுன்சிலர் அதைக் காதில் போட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை. தானியக் கிடங்கின் நீளச் சுவருக்கு முன்னால் இருவரும் அண்ணாந்து நின்றிருந்தார்கள். ஒரு மாடி உயரத்துக்கு ஒரு பெண்ணின் முகம் அங்கே சிரித்துக்கொண்டிருந்தது. நீல முக்காடு பின்னுக்குச் சரிந்து காதோரத்து முடி தெரிய, வலது கையின் ஆட்காட்டி விரலைத் தூக்கி, ஓட்டுப் போட்ட மையை ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ‘என் விரல், என் அரசு’ என்று ஆள் படுத்துப் புரளலாம் போன்ற எழுத்துகள். வலப்பக்கம் கீழ் மூலையில், மஞ்சள் நிறத்தில், ‘திறந்து வைத்தவர்’ என்று போட்டு கவுன்சிலரின் முழுப்பெயர்.

“நிக்குதோ படுக்குதோ, அதெல்லாம் எனக்குத் தெரியாதுய்யா. நாளைக்குக் காலையில தலைவர் இந்த வழியாத்தான் வர்றார். அதுக்குள்ள சுவர் வெள்ளையா இருக்கணும். வெள்ளை மேல வசனம் இருக்கணும். முடிஞ்சுது” என்றார் கவுன்சிலர். பேசிக்கொண்டே தாடியைத் தடவிக்கொண்டார். புதுத் தாடி. வளர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, அரித்துக்கொண்டே இருக்கும் போல. தேர்தல் நடந்த காலத்தில் இதே ஆள் மழமழவென்று சிரைத்த முகத்தோடு, தொப்பிக்கார அதிகாரியின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் அவர் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்கியது. இப்போது அந்தச் சட்டத்துக்குள் வேத வசனம் இருப்பதாகக் கேள்வி. சட்டத்தையாவது மாற்றியிருக்கலாம், கஞ்சன்.

ஊரார் வெளிநாட்டுப் படையைத் தொப்பிக்காரர்கள் என்பார்கள், இரும்புத் தொப்பி போட்டிருந்ததால். அவர்களுக்கு முன்பு இருந்தவர்களும், இப்போது திரும்பி வந்திருப்பவர்களும் நெறிக்காரர்கள். நெறிக் காவலர் படை என்று அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரைச் சொல்லிச் சொல்லி இப்படித் தேய்ந்துவிட்டது. பெயின்டர் இரண்டு பேருக்கும் எழுதினார். முதல் தடவை நெறிக்காரர்கள் ஆண்டபோது இதே சுவரில் ‘பெண்ணின் முகம் வீட்டின் செல்வம், வீதியின் பொருளல்ல’ என்று கறுப்பில் எழுதியவர் அவர்தான். பிறகு தொப்பிக்காரர்கள் வந்தார்கள், அதை அழித்துவிட்டு இந்த முகத்தை வரைந்தவரும் அவர்தான். இப்போது முகத்தை அழித்துவிட்டுப் பழைய வசனத்தையே திரும்ப எழுத வேண்டும். ஒரே சுவர், ஒரே ஏணி, ஒரே ஆள். ஆட்சிதான் மாறிக்கொண்டிருந்தது.

ஆனால் இந்தத் தடவை விஷயம் வேறு. சுவரில் சிரித்துக்கொண்டிருந்தவள் அவருடைய பெண்டாட்டி.

அந்தக் கதைக்குக் காரணம் மச்சினன். பெண்டாட்டியின் தம்பி, தொப்பிக்காரர்களிடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தான். முதல் தேர்தல் வருகிறது, ஊர்ச்சுவரில் ஒரு சாதாரணப் பெண்ணின் முகம் வேண்டும், நடிகை மாதிரி இல்லாமல் உண்மையான முகம் வேண்டும் என்று அதிகாரி கேட்டாராம். யார் முகத்தைக் கொடுப்பார்கள்? அன்றைக்கு ஊரில் பாதிப் பெண்கள் முகத்திரையை எடுத்துவிட்டார்கள், மீதிப் பாதி எடுக்கலாமா வேண்டாமா என்று விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எடுத்தவர்களும் சுவரில் ஏறத் தயாராக இல்லை. அப்போதுதான் அவர் பெண்டாட்டி, நர்ஸ் வேலை முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே, “எம் மூஞ்சிய வரைங்களேன், என்ன இப்போ?” என்றாள்.

பெயின்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உனக்கென்ன பைத்தியமா? இவனுங்க இன்னிக்கு இருப்பானுங்க, நாளைக்குப் பொட்டியக் கட்டிட்டுப் போயிடுவானுங்க. நாம இங்கதான இருக்கணும்?”

“மாமா, ஒரேயடியா இப்படிப் பேசாதீங்க” என்றான் மச்சினன். “இவங்க வரலேன்னா அக்கா இன்னிக்கும் திரைக்குள்ளதான் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும். நாமளா அவனுங்கள விரட்டியிருப்போமா, சொல்லுங்க? ஆட்சின்னா என்ன, ஓட்டுன்னா என்னன்னு பழக்கம் வரணும். பத்து வருஷம் இருந்து பழக்கிட்டுத்தான் போவாங்க.”

“யானையா குதிரையா, பழக்குறதுக்கு?” என்றார் பெயின்டர். “அடுத்தவன் துப்பாக்கிய ஊன்றுகோலா வெச்சு நடக்கக் கத்துக்கிட்டா, அவன் அத எடுத்துக்கிட்டுப் போற அன்னிக்குக் கீழதான் விழணும்.”

அதற்கு மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் இரண்டு பேரையும் பார்க்காமல் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எனக்கு அரசியல் தெரியாது. இத்தன வருஷம் எம் மூஞ்சிய நானே கண்ணாடியிலதான் பாத்தேன். ஒரு தடவ தெரு பாக்கட்டும்.”

அந்தக் கை. அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் நெறிக்காரர் காலத்தில் ஒரு மதியம், பிரசவம் பார்க்க அவசரமாக ஓடினாள். திரை சரியாகப் போடவில்லை. பிரசவ வீட்டுக் கதவை அவள் தட்டிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து தடி விழுந்தது. கதவில் வைத்த கையின் மேலேயே விழுந்தது. ஆட்காட்டி விரல் நடுக்கணுவில் முறிந்து, வைத்தியம் பார்க்க ஆளில்லாமல், தானாகவே ஒரு பக்கம் சாய்ந்து சேர்ந்துகொண்டது. அன்றைக்கு அந்த விரலோடேயே பிரசவம் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். அதே விரலோடுதான் இன்றுவரை ஊசி போடுகிறாள், கட்டுக் கட்டுகிறாள், பிள்ளைகளை வெளியே எடுக்கிறாள். குழந்தைகள் ‘கோணவிரல் நர்ஸம்மா’ என்பார்கள். அவளும் கோபித்துக்கொள்ளாமல் அந்த விரலாலேயே கன்னத்தைக் கிள்ளுவாள்.

வரைந்தார். வேறென்ன செய்ய? சின்னப் படத்தில் கட்டம் போட்டு, நூலில் கரி தடவிச் சுவரில் அடித்து, கட்டம் கட்டமாகப் பெரிதாக்கினார். தொப்பிக்காரர்கள் கொடுத்த எனாமல் அப்படியொரு சரக்கு. அதுவரை அவர் தொட்டதே இல்லை. டின்னைத் திறந்தால் கண்ணாடி மாதிரி முகம் தெரியும். “இது இருபது வருஷம் நிக்குமாம் மாமா, வெயிலும் ஒண்ணும் பண்ணாது, மழையும் ஒண்ணும் பண்ணாதாம்” என்றான் மச்சினன். பெயின்டருக்கு அரசியல் மறந்துபோயிற்று. மூன்று கோட் அடித்தார். கீழுதட்டுக்கு மட்டும் ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டார். உள்ளதை உள்ளபடி வரைகிற பழக்கம் அவருக்கு. பொன் நிறம் கேட்டால்கூட மாநிறத்தைத்தான் போடுவார். திறப்பு விழாவில் கவுன்சிலர் மைக்கைப் பிடித்து, “பாருங்கள், எங்கள் பெயின்டர் இருப்பதை அப்படியே வரைந்திருக்கிறார், எங்கள் சகோதரியின் சிரிப்பைப் பாருங்கள்” என்று முழங்கினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பெயின்டரும்தான் கை தட்டினார். அவள் முதல் வரிசையில் நின்று, வாயைக் கையால் மூடிக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். அதை நினைத்தால் இப்போதும் அவருக்கு ஒரு பக்கம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மறுக்க முடியாது.

கொஞ்ச காலம் நன்றாகவும் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர் வந்தது. ஓட்டு வாங்கி ஜெயித்தவர்கள் அடித்த கூத்து தனி. சிமென்ட் கவுன்சிலர் வீட்டுக்குப் போயிற்று, பள்ளிக்கூடம் கூரை இல்லாமல் நின்றது. கேட்டால் தொப்பிக்காரர்கள் கவுன்சிலரிடம் கேட்கச் சொன்னார்கள், கவுன்சிலர் தொப்பிக்காரர்களைக் காட்டினார். அப்புறம் ஒரு நாள் அவர்களுடைய விமானம் ஊருக்கு வெளியே இருந்த செங்கல் சூளையின் மேல் குண்டு போட்டது. நெறிக்காரர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்று யாரோ துப்புக் கொடுத்தானாம். உள்ளே இருந்தவர்கள் செங்கல் அறுக்கிறவர்கள். மறுநாள் ஒரு அதிகாரி வந்து, தவறு நடந்துவிட்டது என்று சொல்லி, ஆளுக்கு ஒரு மூட்டை மாவு கொடுத்தார். மச்சினன் அதை மொழிபெயர்த்தான். அன்றைக்கு அவன் குரல் நடுங்கியதைப் பெயின்டர் கவனித்தார்.

சூளைக்காரர் அந்தக் குண்டில் போனார். அவர் மகன் பிழைத்தான். மீசை அரும்பாத வயது, கழுத்தும் தோளும் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தான். அவனுக்குக் கட்டு மாற்றியது அவள்தான். வேறு யார் தொட்டாலும் அலறுவான், அவள் தொட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் விரலையே பார்த்துக்கொண்டிருப்பானாம். தேறி வீட்டுக்குப் போனவன், ஒரு வருஷத்தில் ஆளைக் காணோம். மலைப்பக்கம் நெறிக்காரர்களிடம் போய்விட்டான் என்றார்கள். அவனை யாரும் போதனை செய்து கெடுக்கவில்லை. அந்த ஒரு மூட்டை மாவே போதுமாக இருந்தது.

இப்போது தொப்பிக்காரர்கள் கம்பி நீட்டிவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் சாமானைக் கட்டிக்கொண்டு, மிச்சத்தை எரித்துவிட்டுப் போனார்கள். மச்சினனும் கூடவே விமானம் ஏறிவிட்டான். “போனதும் உங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுக்கிறேன்” என்றான். நெறிக்காரர்கள் ஒரு குண்டுகூட வெடிக்காமல் ஊருக்குள் வந்தார்கள். இந்த ஊருக்குப் பொறுப்பாளனாக வந்து இறங்கியவன் சூளைக்காரர் மகன். தோளில் துப்பாக்கி, கழுத்தில் வெந்த தழும்பு. பயந்து செத்துக்கொண்டிருந்த கவுன்சிலர் முதல் நாளே மாலையோடு போய் நின்று, ஊர் நிர்வாகம் தெரிந்தவன் என்று சொல்லி ஒட்டிக்கொண்டார்.

சுவரில் இருப்பது யார் என்று ஊருக்கே தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பாசம் என்று யாரும் ஏமாற வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் மறைக்க ஏதோ ஒன்று இருந்தது, முதலில் பேசுகிறவன் மேல்தான் எல்லார் கண்ணும் திரும்பும். சூளைக்காரர் மகனுக்கும் தெரியாமலா இருக்கும்? ஆனால் அவன் சுவரைப் பார்த்தான், பெயின்டரைப் பார்த்தான், “தலைவர் வர்றதுக்குள்ள இது போயிடணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். நன்றி மறக்காத பையன்தான் என்று பெயின்டர் மனதைத் தேற்றிக்கொண்டார். பயமெல்லாம் நெறிக்காரர்களின் தலைவர் மேல்தான். அவர் வெளியூர். போன ஊரில், ஓட்டுச்சாவடியில் வேலை பார்த்த டீச்சரை என்ன செய்தார் என்பதைக் கடைத்தெருவில் பாதி வாயால்தான் சொன்னார்கள். மீதியைக் கேட்க யாருக்கும் தெம்பில்லை.

ஆகவே ஒரு பகல்தான் இருந்தது. எனாமலை முழுக்க எடுக்க வேண்டுமென்றால் ஒரு வாரமாவது சுரண்ட வேண்டும். மேலே அடிக்க வேறு எனாமல் ஊரில் கிடையாது. இருப்பது சுண்ணாம்பு மட்டும். வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றி, உப்பும் போட்டுக் கலக்கினால் ஒரு நாள் இரண்டு நாள் ஏமாற்றும். ஈரம் பட்டால் தோல் உரிகிற மாதிரி உரிந்துவிடும்.

“அப்போ முக்கியமானதை மட்டும் சுரண்டி எடுத்துட்டு, மிச்சத்துக்கு சுண்ணாம்பு அடி” என்றார் கவுன்சிலர். குரலைத் தணித்துக்கொண்டு, “முதல்ல அந்த மூலையிலேர்ந்து ஆரம்பி” என்று தன் பெயரைக் காட்டினார்.

பெயின்டர் வயர் பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். “ஐயா, எனக்கு முக்கியமானது வேறங்க.”

“யோவ், உன் பொண்டாட்டி இப்போ திரைக்குள்ள இருக்கா. அவ மூஞ்சிய எவன் பாக்கப்போறான்? எம் பேரு அப்படியா? பேருக்கு நான் திரை போட முடியுமா?”

யோசித்துப் பார்த்தால் அந்த ஆள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதைப் பெயின்டர் யோசிக்கவில்லை. கவுன்சிலர் சொன்ன ஒன்றில் நியாயம் இருக்கக்கூடும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. ஏணியைத் தூக்கி முகத்துக்கு நேராகச் சாத்தினார். “மூலைக்கு மூணு கோட் அடிச்சுத் தர்றேங்க. தலைவர் போற வரைக்கும் தாங்கும்” என்றார். அப்படிச் சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. தாங்காவிட்டால் மாட்டப்போவது கவுன்சிலர், நன்றாக மாட்டட்டுமே. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

சுரண்டினார். முதலில் நெற்றி. அது போனதும் கண்கள் தனியாக அவரைப் பார்த்தன, அதனால் அவசரமாகக் கண்களுக்குப் போனார். எனாமல் லேசில் விடவில்லை. பிரஷ்ஷை வைத்து ரப்பு ரப்பென்று இழுத்தால் நகக்கீறல் போல் கோடுதான் விழுந்தது. உளியை வைத்துத் தட்டிக் காரையோடு பெயர்த்து எடுத்தார். கீழுதட்டுக்கு வந்தபோது கை நின்றது. ஒரு முழு நாள் உட்கார்ந்து போட்ட உதடு. “எவனோ வந்தான், எவனோ போனான், நடுவுல எனக்கு எதுக்குடா இந்த வேலை?” என்று வாய்விட்டே திட்டினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கவுன்சிலர், தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, “சீக்கிரம்யா” என்றார். பொழுது சாய்வதற்குள் முகம் இருந்த இடத்தில் வெறும் செங்கல் இருந்தது. மிச்சம் எல்லாவற்றுக்கும், முக்காட்டுக்கும் கைக்கும் எழுத்துகளுக்கும் கவுன்சிலர் பெயருக்கும், சுண்ணாம்பு அடித்தார். அது இழுத்துக் காய்ந்ததும் கறுப்பில் வசனத்தை எழுதினார். கை பழகிய வசனம், கட்டம்கூடத் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இரண்டு உள்ளங்கையும் கிழிந்து எரிந்தது. அவள் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து திரையைக் கழற்றிக் கொடியில் போட்டிருந்தாள். பெண்களுக்குப் பெண்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதால் அவளை மட்டும் வேலையில் விட்டுவைத்திருந்தார்கள். கைகளுக்கு உறை கூடப் போடச் சொல்லிப் பார்த்தார்களாம், உறையோடு பிள்ளை எடுத்தால் வழுக்கும் என்று அவள் சொன்னதும் விட்டுவிட்டார்கள்.

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“அழிச்சிட்டீங்களா?”

“சுத்தமா எடுத்துட்டேன். செங்கல் தெரியுது.”

அவள் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு வெடிப்புகளில் தேய்த்தாள். “எந்தம்பி அந்த ஊருல போய் ஒட்டிக்கிட்டான். நான் இந்த ஊரு செவுத்துல ஒட்டிக்கிட்டேன்” என்றாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. “எதுக்குங்க அன்னிக்கு அவ்வளவு அழகா வரைஞ்சீங்க? கொஞ்சம் கன்னாபின்னான்னு வரைஞ்சிருக்கக் கூடாது? யாரோன்னு போயிருக்கும்.”

“எனக்கு அப்படி வராதுடி” என்றார். “இனிமே பயப்படாத. அங்க நீ இல்ல.”

அவள் அந்த வளைந்த விரலால் அவர் உள்ளங்கையின் நடுவில் எண்ணெயை வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கல்யாணமாகி எத்தனை வருஷம், அந்த விரலால் எத்தனை தடவை சோறு போட்டிருக்கிறாள், எத்தனை தடவை அவர் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்திருக்கிறாள். அவருக்கு அது வளைந்த விரலாகவே தெரியாது. அவள் விரல், அவ்வளவுதான். அவளுக்கும் அப்படித்தான் போல. இரண்டு பேரும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே, அது சுவரில் இருப்பதை மறந்துபோனார்கள்.

விடிந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது.

அவர் எழுந்து ஓடினார். செருப்புப் போடவில்லை. பருவமில்லாத பருவத்தில் எங்கிருந்தோ வந்த மழை, விட்டு விட்டுக் கொட்டியது. கடைத்தெரு முனையிலேயே தெரிந்துவிட்டது, சாக்கடையில் பால் ஓடுகிற மாதிரி சுண்ணாம்பு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் கறுப்புக் கோடு கோடாக வசனம் கரைந்து போய்க்கொண்டிருந்தது. சுவரில் நீல முக்காடு பளபளவென்று வந்துவிட்டது. ‘என் விரல், என் அரசு’ வந்துவிட்டது. மூலையில் கவுன்சிலரின் பெயர் நேற்று எழுதியது போல மஞ்சளாக நின்றது. தொப்பிக்காரன் சொன்னதில் அந்த ஒன்றுதான் உண்மை. எனாமல் நிற்கும் என்றான், நின்றது.

நடுவில் முகம் மட்டும் இல்லை. முகத்தின் அளவுக்கு, நெற்றியிலிருந்து தாடை வரை அச்சாக, சிவப்புச் செங்கல்.

ஏணி நேற்று வைத்த இடத்திலேயே கிடங்கு ஓரம் படுத்திருந்தது. அதை நிமிர்த்தி, பக்கத்தில் விட்டுப்போயிருந்த வயர் பிரஷ்ஷை இடுப்பில் செருகி, சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். மழையில் என்ன அடிக்க முடியும்? ஆனாலும் அடித்தார். அடித்தது அடித்த கையோடு வழிந்தது. அப்படி அடித்துக்கொண்டிருக்கும்போதே வண்டிகள் வந்து நின்றன.

தலைவர் இறங்கினார். பொடி நடையாக நடக்கிற, சாந்தமான முகமுள்ள வயதான மனிதர். யாரோ குடை பிடித்தார்கள். பின்னால் சூளைக்காரர் மகன், அவனுக்குப் பின்னால் கவுன்சிலர், முகம் சுண்ணாம்பை விட வெளுத்துப்போய். தலைவர் சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

“முகத்தை மட்டும் யார் சுரண்டியது?”

“நாந்தாங்க” என்றார் பெயின்டர் ஏணியிலிருந்தபடி. “முகம் தெரியறது பாவம்ங்களே. அதான் முதல்ல அத எடுத்தேன். மிச்சத்தையும் எடுத்துடுவேன்.”

தலைவர் தலையை ஆட்டினார். பதில் அவருக்குப் பிடித்திருந்தது. பெயின்டருக்கு மூச்சு திரும்பி வந்தது. “நல்லது” என்று சொல்லிவிட்டு நகரப் போனவர், மூலையில் இருந்த மஞ்சள் எழுத்தில் கண்ணை வைத்தார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். பிறகு திரும்பிக் கவுன்சிலரைப் பார்த்தார். தப்பித்தோம், இனி அந்த ஆள் பாடு என்று பெயின்டர் நினைத்தார். அப்படி நினைத்ததற்காகப் பிறகு தன்னையே காறித் துப்பிக்கொண்டார்.

“ஐயா, அது அவங்க கட்டாயப்படுத்தினாங்க, கழுத்துல கத்தி வெக்காத குறை” என்று கவுன்சிலர் உளறினார். கண்கள் சுவர் முழுக்க அலைந்தன, தன் பெயரைத் தவிர வேறெதையாவது காட்டினால் போதும் என்பது போல. “ஐயா, என்ன விடுங்க. இந்த விரலப் பாருங்க. இந்தக் கோண விரலப் பாருங்க.”

அப்போதுதான் பெயின்டரும் பார்த்தார். ஏணிக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அவர் உயரத்துக்கு நின்றது அந்த விரல். நடுக்கணுவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நுனியில் மையோடு. கடவுளே. திரைக்குள் இருக்கிறவளின் முகத்தை எவனும் பார்க்கப்போவதில்லை. கையைத்தான் ஊரே பார்க்கிறது. முகத்தை விட்டுவிட்டு விரலையல்லவா சுரண்டியிருக்க வேண்டும்!

“அது என் தப்புங்க!” என்று கத்தினார். “எனக்குச் சரியா வரைய வராதுங்க. கை நடுங்கி விரல் கோணிப்போச்சு. நான் ஒரு அரைகுறைப் பெயின்டர், யாரை வேணாக் கேளுங்க!”

“பொய்ங்க ஐயா” என்றார் கவுன்சிலர். “இவன் இருக்கறத அப்படியே வரையறவன். ஊருக்கே தெரியும்.”

மேடையில் மைக்கைப் பிடித்துச் சொன்ன அதே வார்த்தை. தலைவர் இரண்டு பேரையும் விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற சூளைக்காரர் மகனிடம் திரும்பினார். “நீ இந்த ஊர்க்காரன்தானே. இப்படி ஒரு விரல் யாருடையது என்று தெரியுமா?”

மழை துப்பாக்கிக் குழலில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் விரலைப் பார்த்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்த மாதிரியே, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். இடது கை தானாக எழுந்து கழுத்துத் தழும்புக்குப் போயிற்று. பெயின்டர் மேலேயிருந்து அவன் கண்ணைப் பிடிக்கப் பார்த்தார். சொல்லாதடா தம்பி. உன் தோல் ஒட்டுனது அந்தக் கையாலடா. அவன் நிமிரவில்லை. தலைவரைப் பார்த்தான், தலைவருக்குப் பின்னால் வண்டிகளில் இருந்தவர்களைப் பார்த்தான். கவுன்சிலரின் பெயரையும் ஒரு தடவை பார்த்தான்.

“தெரியும்” என்றான்.

இரண்டு பேர் வண்டியிலிருந்து குதித்து அவன் பின்னால் போனார்கள். ஆஸ்பத்திரித் தெரு பக்கம். அவன் வேகமாக நடக்கவில்லை, அதே சமயம் நிற்கவும் இல்லை. பெயின்டர் இறங்கி ஓடப் பார்த்தார், ஏணியின் காலடியில் ஒருவன் துப்பாக்கியைக் குறுக்கே வைத்துக்கொண்டு, “வேலையைப் பாரு” என்றான்.

வயர் பிரஷ் இடுப்பில்தான் இருந்தது. எடுத்து விரலில் வைத்து இழுத்தார். நனைந்த எனாமலில் அது வழுக்கியது. உளி கீழே கிடந்தது. பிரஷ்ஷைப் போட்டுவிட்டு நகத்தால் பிறாண்டினார், நேற்றைய வெடிப்புகள் திறந்துகொண்டு ரத்தம் வந்தது. மழை அதை உடனுக்குடன் கழுவிவிட்டது. சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை. மழை பெய்யப் பெய்ய அந்த விரல் இன்னும் இன்னும் துலங்கியது, கணுவின் சுருக்கம், நகத்தின் ஓரம், மை எல்லாம். அவர் அதை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டு ஏணி மேல் நின்றார்.